இரண்டு நாள் மாநாடு, சாப்பாட்டுக்கு மட்டும் 2 லட்சமா? எங்கே குறைப்பது?

#1 · காவிரிக்கரை_கட்டற்றவன்

வணக்கம் தோழர்களே. திருச்சியில் கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள்) மாநாடு, சனி ஞாயிறு இரண்டு நாள். ஆடி மாதத்தில் வைக்கிறோம். இடம் ஒரு பொறியியல் கல்லூரி, அரங்கம் இலவசம். நடத்துவது முழுக்கத் தன்னார்வலர்கள், 25 பேர். இதுவரை பதிவு 300. பதிவுக் கட்டணம் இல்லை.

கேட்டரிங்காரர் கொடுத்த கொட்டேஷன், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு:

காலை டிபன் 90
டீ, ஏதாவது ஒரு பலகாரம் 35 (இரண்டு வேளை, ஆக 70)
மதியம் இலைச் சாப்பாடு, பாயசத்தோடு 170

மொத்தம் 330. 300 பேர், இரண்டு நாள் என்றால் 1,98,000. அதற்கு மேல் ஜிஎஸ்டி 5% சேர்த்து 2,07,900. கையில் இருக்கும் நிதியில் முக்கால்வாசி இதற்கே போய்விடும். 170-ஐ 150 ஆக்கித் தருகிறேன் என்கிறார், ஆனால் குறைந்தது 250 இலைக்கு உறுதி கொடுக்க வேண்டுமாம். ஒத்துக்கொள்ளலாமா? வேறு எங்கே கை வைக்கலாம்?

#2 · பந்திக்கணக்கு

இலைக்கு 20 ரூபாய் பேரம் பேசுவதை முதலில் நிறுத்துங்கள். உங்கள் பணம் போவது விலையில் இல்லை, எண்ணிக்கையில்.

இலவசப் பதிவில் 300 பேர் பெயர் கொடுத்தால் முதல் நாள் 160 முதல் 180 பேர் வந்தாலே நல்ல கூட்டம். ஞாயிற்றுக்கிழமை அதிலும் குறையும். 250 இலைக்கு உறுதி கொடுத்தால் வராத 70 பேருக்கு 150 வீதம் 10,500 ரூபாய் ஒரே வேளையில் காணாமல் போகும். 20 ரூபாய் குறைத்து வாங்கிய லாபம், வந்த 180 பேருக்குக் கணக்கிட்டால் 3,600 தான். அவர் ஏன் சந்தோஷமாகக் குறைக்கிறார் என்று இப்போது புரியும்.

இன்னொரு ஓட்டை, பெரும்பாலான குழுக்கள் கவனிக்காதது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக 10% கூட்டுவார்கள். பதிவைப் பார்க்கும் தோழர் 200 பேர் வருவார்கள் என்று கணித்து 220 என்று சொல்வார். சாப்பாட்டுப் பொறுப்பாளர் அதை 242 ஆக்குவார். சமையல் மாஸ்டர் பழக்கத்தில் 266 பேருக்கு உலை வைப்பார். ஒருவர் மேலும் தப்பில்லை, ஆனால் 66 பேர் சாப்பாடு மீந்துவிட்டது. கூட்டும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் என்று முடிவு செய்துவிடுங்கள். மாஸ்டர் எப்படியும் 10% கையிருப்போடுதான் சமைப்பார், அதனால் நீங்கள் உண்மையான எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள், அதையும் அவரிடம் வெளிப்படையாகவே சொல்லுங்கள்: “இதில் நாங்கள் எதுவும் கூட்டவில்லை மாஸ்டர்.”

குறைவாக எண்ணுவதும் உண்டு. வருகிறவர்களை மட்டும் எண்ணிவிட்டு, தன்னார்வலர்கள், ஒலி-ஒளி ஆட்கள், பேச்சாளரை அழைத்து வந்த ஓட்டுநர், வாட்ச்மேன், கூட்டிப் பெருக்கும் அக்காமார் இவர்களை விட்டுவிடுவார்கள். 180 பேர் நிகழ்ச்சியில் இது 20, 25 ஆள்.

வராதவர்களைக் குறைக்க எளிய வழி: மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் நாளைக்கு 50 ரூபாய் டோக்கன், பதியும்போதே யுபிஐ-யில். மாநாடு இலவசம்தான். கட்ட முடியாத மாணவர் ஒரு வரி எழுதினால் விலக்கு, காரணம் கேட்கக் கூடாது. 50 ரூபாயில் வருமானம் ஒன்றும் பெரிதாக வராது. காசு கட்டியவர் வருவார் என்பதுதான் அதன் பயன்.

#3 · கரண்டி_பிடித்தவர்

மேலே சொன்னது சரி. அடுத்து மெனு.

இலைச் சாப்பாட்டில் செலவு அரிசி பருப்பில் இல்லை. எத்தனை வகை என்பதில் இருக்கிறது. சாம்பார், ரசம், மோர், பொரியல், கூட்டு, அப்பளம், ஊறுகாய், பாயசம் என்று எட்டு வகை என்றால் எட்டுப் பாத்திரம், காய் நறுக்க இரண்டு ஆள், 50 பேர் பந்திக்குப் பரிமாற ஆறேழு ஆள். பந்தியில் கேட்கிறாரோ இல்லையோ எல்லா இலையிலும் எல்லாம் விழும். கூட்டில் பாதி இலையோடு மூடப்படும்.

கலந்த சாதத்துக்கு மாறுங்கள். ஆடியில் நடத்துகிறீர்கள், ஆடிப்பெருக்கு ஊர்க்காரர்களுக்குச் சித்திரான்னம் கொடுத்தால் குறை சொல்லவே மாட்டார்கள். 100 பேருக்கு ஒரு மதியம்:

சாம்பார் சாதம்: அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு 2 முதல் 2¼ கிலோ, காய் 4 கிலோ (அதில் சின்ன வெங்காயம் 1 கிலோ), புளி 400 கிராம், சாம்பார்பொடி 350 கிராம்.
புளியோதரை அல்லது எலுமிச்சை சாதம்: அரிசி 3½ கிலோ.
தயிர் சாதம்: அரிசி 3 கிலோ, பால் 7 லிட்டர், தயிர் 2 முதல் 3 லிட்டர்.
உருளைக்கிழங்குப் பொரியல்: கிழங்கு 7 கிலோ.
அப்பளம் 150, ஊறுகாய் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.
பாயசத்துக்குப் பதில் ஆளுக்கொரு பூவன் பழம். வாழை விளையும் தொட்டியம், லால்குடி பக்கத்து ஊர்க்காரர்கள் முந்திரியும் நெய்யும் போட்டுச் செலவழிக்க வேண்டியதில்லை.

மொத்த அரிசி 11½ கிலோ, தலைக்கு 115 கிராம். முழுச் சாப்பாடு என்றால் 130 கிராம் கணக்கு வைக்க வேண்டும். மண்ணச்சநல்லூர் பொன்னி எடுத்தால் பழைய அரிசியா என்று கேட்டு வாங்குங்கள். புது அரிசி குழையும், சாதமும் குறைவாகக் காணும். பழையது கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடுதலானாலும் அதுதான் மலிவு.

சொதப்பும் இடங்கள்: சாம்பார் சாதம் அடுப்பிலிருந்து இறக்கும்போது ‘இவ்வளவு தளர்வா’ என்று தோன்ற வேண்டும். சரியான பதத்தில் இறக்கினால் ஒரு மணிக்குக் கரண்டி நிற்கும். தயிர் சாதத்தைப் பாலில் பிசைந்து, உறைக்கு மட்டும் தயிர் விடுங்கள். முழுக்கத் தயிர் ஊற்றிப் பிசைந்தால் ஜூலை வெயிலில் இரண்டு மணிக்குள் புளித்துவிடும்.

#4 · பைதான்_பையன்

இதுக்கு பேசாம பிரியாணி பாக்கெட் போட்டுடலாமே அண்ணே. ஒரே ஐட்டம், வேலை முடிஞ்சுது.

#5 · கரண்டி_பிடித்தவர்

ஒரே வகை என்கிற உங்கள் யோசனையில் தப்பில்லை தம்பி. பாக்கெட்தான் தப்பு. பாக்கெட்டை நீட்டவும் முடியாது, சுருக்கவும் முடியாது: அரை வயிறு சாப்பிடுபவரும் முழுப் பாக்கெட் எடுப்பார், மீதி குப்பைக்கு. நன்றாகச் சாப்பிடுபவர் இரண்டாவது பாக்கெட் கேட்பார். கோழி பிரியாணி என்றால் கிலோ அரிசிக்கு ஒன்றேகால் கிலோ கறி போட்டு எட்டுப் பேர் சாப்பிடலாம், ஆனால் சைவக்காரர்களுக்குத் தனிச் சமையல், தனிக் கரண்டி, தனி வரிசை. 200 பேருக்குக் கீழே இரண்டு சமையல் கட்டுப்படியாகாது. குஸ்கா அல்லது காய்கறி பிரிஞ்சியும் தயிர்ப்பச்சடியும் இரண்டாம் நாளுக்குப் போடலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

#6 · வரவு_செலவு

ஒப்பந்தம் பற்றி. நம்மூரில் சமையலை மூன்று விதமாகப் பேசலாம்.

ஒன்று, இலைக்கு இவ்வளவு என்று முழுக் காண்ட்ராக்ட். தலைவலி குறைவு, விலை அதிகம்.

இரண்டு, கூலிச் சமையல். மாஸ்டரும் ஆட்களும் கூலிக்கு; சாமான் நாம் வாங்கித் தருவது. மளிகைச் செலவு மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல் மிச்சம். ஆனால் பாத்திர வாடகை, 19 கிலோ கேஸ் சிலிண்டர், காந்தி மார்க்கெட்டுக்கு விடியற்காலை வண்டி, காவலுக்கு ஆள் என்று வரிசையாக வரும். மாஸ்டர் தரும் சாமான் லிஸ்டில் எண்ணெய், முந்திரி, நெய், தேங்காய் இந்த நாலும் எப்போதும் தாராளமாக இருக்கும். மேலே உள்ள மாதிரி 100 பேர் அளவோடு ஒத்துப் பார்த்து, தராசில் நிறுத்து இறக்குங்கள். பிரிக்காத பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று மளிகைக்கடையில் வாங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் நாள் முழுக்க மூன்று நான்கு தன்னார்வலர்கள் வேண்டும். அவர்கள் ஒரு உரையும் கேட்க முடியாது. 100 பேருக்குக் கீழே என்றால் இந்த வழி வேண்டாம் என்பேன்.

மூன்று, கல்லூரி விடுதி மெஸ் அல்லது கேன்டீன். உங்களுக்கு இது உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

எந்த வழியானாலும் எழுத்தில் வேண்டியவை: குறைந்தபட்ச இலை எவ்வளவு, கடைசி எண்ணிக்கை எந்த நாள் எத்தனை மணிக்கு, அதற்கு மேல் வந்தால் என்ன விலை, இலையை யார் எண்ணுவது. எண்ணிக்கைத் தகராறு வராமலிருக்க, தட்டு அடுக்கும் இடத்தில் சாப்பாட்டுக்கு முன் இரு தரப்பும் சேர்ந்து எண்ணி, முடிந்ததும் மீதியை எண்ணுங்கள்.

பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் 5% போட்டு வசூலிக்கக் கூடாது. ஜிஎஸ்டி எண் இல்லாத பில்லில் வரி மட்டும் இருந்தால் கேளுங்கள். உங்கள் அமைப்பு பதிவு பெற்ற சங்கமோ அறக்கட்டளையோ என்றால், ஒரு பில் 30,000-ஐத் தாண்டும்போது தனி ஆளுக்கு 1%, நிறுவனத்துக்கு 2% டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டி வரும். விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள், கடைசி நாள் சண்டை வேண்டாம்.

#7 · காவிரிக்கரை_கட்டற்றவன்

எல்லோருக்கும் நன்றி. விசாரித்துவிட்டேன். விடுதி மெஸ் இருக்கிறது, செமஸ்டர் நடக்கும் காலம் என்பதால் சனி ஞாயிறும் 600 மாணவர்களுக்குச் சமையல் உண்டு. மெஸ் காண்ட்ராக்டர் மதியச் சாப்பாடு 95 என்கிறார், வரி உட்பட. அரங்கம் இருக்கும் கட்டடத்தில் அடுப்பு வைக்க அனுமதி இல்லை. கேன்டீன் சமையலறையை டீக்கு மட்டும் தருவார்கள். மெஸ் சாப்பாடு என்றால் பேச்சாளர்கள் முகம் சுளிப்பார்களோ என்று குழுவில் ஒரு தயக்கம் இருக்கிறது.

#8 · பந்திக்கணக்கு

தயங்காதீர்கள், பிடித்துக்கொள்ளுங்கள். 95 ரூபாயை விடப் பெரிய லாபம் ஒன்று அதில் இருக்கிறது. 180 பேருக்கென்று தனியாக உலை வைக்கும் இடத்தில் 30 பேர் கூடினால் பஞ்சம், குறைந்தால் குப்பை. 600 பேருக்குச் சமைக்கும் இடத்தில் 30 பேர் கூடக்குறைய வந்தால் அது கரண்டியில் அடங்கிவிடும். மீந்த சாதமும் சாம்பாரும் அவர்கள் பந்தியிலேயே செலவாகும். அதனால் ‘குறைந்தபட்ச இலை’ என்ற பேச்சே வராமல், வந்த ஆளுக்கு மட்டும் காசு என்று பேச முடியும். இதை அழுத்திப் பேசுங்கள்.

எண்ணிக்கையை மூன்று தவணையில் சொல்லுங்கள். புதன்கிழமை ஒரு வரம்பு: 150 முதல் 200. வெள்ளி மாலை ஓர் எண்: டோக்கன் கட்டியவர்கள், விலக்குக் கேட்டவர்கள், குழு எல்லாம் சேர்த்து. சனி காலை 10.45-க்குப் பதிவு மேசையில் உண்மையாக வந்த தலை. சாம்பாரும் காயும் அதற்கு முன்பே ஏறியிருக்கும், அதை மாற்ற முடியாது. சாதம் கடைசியில்தான் வடிப்பார்கள். பதினொரு மணிக்குள் எண் போனால் சாதத்தில் திருத்திக்கொள்ளலாம்.

தனியாகச் சமைக்கிறவர்களுக்கும் இதே தந்திரம்தான்: சாதத்தில் ஐந்தில் நாலு பங்கை முதலில் வடியுங்கள். மீதி அரிசியைக் களைந்து ஊறவைத்து, உலைநீரைக் கொதிநிலையிலேயே வைத்திருங்கள். பாதி வரிசை சாப்பிட்டு முடித்த நேரத்தில் பாத்திரத்தைப் பார்த்து, போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். 25 நிமிடத்தில் வந்துவிடும். அதையும் மீறிக் கூட்டம் வந்தால் கையில் 5 கிலோ ரவை இருக்கட்டும். உப்புமா 50 பேருக்கு 20 நிமிடம். ரவை பிரிக்காமல் மீந்தால் யாரும் அழப்போவதில்லை.

விடுதிக் காப்பாளருக்கு எழுத்தில் கடிதம், பத்து நாளுக்கு முன். உங்கள் நேரத்தை மாணவர் கூட்டத்தோடு மோதவிடாமல் 12.15-க்கோ 1.45-க்கோ வையுங்கள். 12.15 நல்லது, ஏனென்றால் எல்லாப் பாத்திரமும் அப்போதுதான் நிறைந்திருக்கும். மெஸ் ஆட்களுக்குக் கூடுதல் வேலைக்கு பேட்டா கொடுங்கள், அது கணக்கில் தனி வரி.

பேச்சாளர்கள் பற்றி: எல்லோரும் உட்காரும் இடத்தில் அவர்களும் உட்கார்ந்தால் அவர்களிடம் பேச ஆசைப்பட்டு வந்த மாணவருக்கு அதுதான் பெரிய விருந்து. தனி விருந்து என்று ஒன்றை ஓட்டலில் வைக்கத் திட்டம் இருந்தால், பட்டியலில் முதல் வெட்டு அதற்கு.

#9 · டிகாஷன்_அக்கா

எல்லோரும் சாப்பாட்டையே பேசுகிறீர்கள். டீயில் போகும் காசை யாரும் பார்ப்பதில்லை. 35 ரூபாய், இரண்டு வேளை, இரண்டு நாள், 300 பேர்: 42,000. இதை நீங்களே போட்டால் பாதிகூட ஆகாது.

100 டீ, ஒன்று 100 மில்லி:
பால் 6½ முதல் 7 லிட்டர், தண்ணீர் 3½ முதல் 4 லிட்டர், டீத்தூள் 300 கிராம், சர்க்கரை 1 கிலோ முதல் 1.2 கிலோ. இஞ்சி கால் கிலோ, விருப்பம் இருந்தால்.

எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொதிக்க விடாதீர்கள். டிகாஷன் தனியாக, காய்ச்சிய பால் தனியாக, சர்க்கரை தனியாக. கலப்பது கொடுக்கும்போதுதான். கலந்த டீ அரை மணிக்கு மேல் சூட்டிலேயே இருந்தால் கசக்கும், மீந்தால் கொட்டத்தான் வேண்டும். கலக்காத பால் மீந்தால் ஆறவைத்து உறை ஊற்றி வைத்தால் மறுநாள் தயிர் சாதத்துக்கு ஆயிற்று. சர்க்கரை இல்லாமல் கேட்பவர், பாலே இல்லாமல் கடுந்தேநீர் கேட்பவர் எல்லோருக்கும் இதே ஏற்பாட்டில் வழி இருக்கிறது. பாலை காலைக்கும் பிற்பகலுக்கும் இரண்டு தவணையாக எடுங்கள், ஆடிக்காற்று அடித்தாலும் திருச்சி வெயில் வெயில்தான்.

அளவும் முக்கியம். 150 மில்லி கோப்பை வைத்தால் அதை நிரப்பத்தான் கை போகும். 120 மில்லி டம்ளரில் 100 ஊற்றுங்கள். வேண்டுபவர் இரண்டாவது வாங்கட்டும். பாதிப்பேர் வாங்க மாட்டார்கள்.

மாலை டீக்கு முழு எண்ணிக்கை போடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் கரையும். நாலில் மூன்று பங்கு தாராளம்.

பேப்பர் கப் பேச்சே வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையில் இருக்கிறது. மேசை மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அப்படியே. எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுங்கள்.

#10 · பைதான்_பையன்

டம்ளர் கழுவ ஆள் கூலி, தண்ணி, சோப்பு எல்லாம் சேர்த்தா கப்பை விட அதிகமாகாதா அக்கா?

#11 · டிகாஷன்_அக்கா

ஒரு வேளைக்கு மட்டும் என்றால் நீ சொல்வது சரியாகக்கூட இருக்கும். நாலு வேளைக்கு அதே 220 டம்ளர் திரும்பத் திரும்ப வருகிறது, ஒரு ஆள் கூலியில் முடியும். மூன்று வாளி முறை வை: முதல் வாளியில் அலசி எச்சில் போக, இரண்டாவதில் சோப்பு, மூன்றாவதில் சுடுதண்ணீர். வைத்த இடத்திலேயே டம்ளர் தங்காமல் இருக்க, கதவுப் பக்கம் இரண்டு தட்டுக்கூடை. இல்லாவிட்டால் மாலையில் அரங்கத்து நாற்காலிக்கு அடியில் தேடிக்கொண்டிருப்பீர்கள், தொலைந்ததற்கு வாடகைக்கடைக்காரர் விலை போடுவார்.

#12 · கரண்டி_பிடித்தவர்

டீயோடு என்ன பலகாரம் என்று யாரும் சொல்லவில்லை. சமோசா, கட்லெட் வேண்டாம்: விலைக்கு விலை, ஆறினால் ரப்பர். காலையில் பிஸ்கட். மாலையில் சுண்டல்.

100 பேருக்குக் கறுப்புக் கொண்டைக்கடலை 3 கிலோ. ஆளுக்கு 30 கிராம்தான் என்று பார்க்க வேண்டாம், ஊறி வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், ஒரு தொன்னை நிறையும். முதல் நாள் இரவே எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். இதை மறந்தால் மறுநாள் எந்தக் குக்கரும் காப்பாற்றாது. உப்பைப் பாதி வேக்காட்டுக்குப் பிறகு போடுங்கள். தேங்காய் 3, மாங்காய் கிடைத்தால் ஒன்று.

பெரிய தப்பு எது என்றால், மதியமே தாளித்துத் தேங்காயும் போட்டு மூடி வைப்பது. மூன்றரை மணிக்குத் திறந்தால் ஊசிப்போன வாடை அடிக்கும். வெந்த கடலையை நீர் வடித்து விரித்து வையுங்கள். தாளிப்பும் தேங்காயும் கொடுப்பதற்கு 20 நிமிடம் முன்.

காலை டிபனை எடுத்துவிடுங்கள் என்று சொல்லவும் வேண்டுமா? உள்ளூர்க்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். வெளியூரிலிருந்து வந்து தங்குகிற 15 பேருக்குப் பக்கத்துக் கடையில் டோக்கன் கொடுத்தால் போதும். தவிர, 9 மணிக்கு வெண்பொங்கல் போட்டால் 10 மணி உரையில் பாதிப்பேர் தூங்குவார்கள்.

#13 · வரவு_செலவு

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடி நல்ல தேர்வு. கல்யாணம் இல்லாத மாதம், மாஸ்டரும் பாத்திரக்கடையும் சும்மா இருப்பார்கள், பேரம் படியும். மார்கழியும் அப்படியே. ஆவணி, தை, வைகாசியில் ஞாயிறும் முகூர்த்தமும் சேர்ந்து வந்தால் காய், இலை, பால், கூலி எல்லாம் ஒன்றாக ஏறும். அரங்கம் பதியும் முன் தினசரிக் காலண்டரைக் கிழித்துப் பார்ப்பது இதற்காகவும்தான். ஆனால் திருச்சியில் ஆடி 18 விழும் வாரக்கடைசி வேண்டாம். அம்மா மண்டபம் காவிரிப் படித்துறைப் பக்கம் வண்டி நகராது, வருகிறவர் தொகையும் கணிப்புக்கு அடங்காது.

தண்ணீர்: அரை லிட்டர் பாட்டில் வாங்கினால் பாதி குடித்ததெல்லாம் மேசையில் நிற்கும். 20 லிட்டர் கேன், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் கணக்கு. 190 பேருக்கு 285 லிட்டர், 15 கேன், 17 சொல்லுங்கள். பதிவு மடலிலேயே “பாட்டில் கொண்டு வாருங்கள்” என்று எழுதுங்கள்.

#14 · காவிரிக்கரை_கட்டற்றவன்

திருத்திய கணக்கு இது. தப்பிருந்தால் சொல்லுங்கள்.

மதியம் (மெஸ்): சனி 190, ஞாயிறு 160, ஆக 350 × 95 = 33,250
டீ மாஸ்டர் கூலி, இரண்டு நாள்: 2,400
டீ: 190 + 150 + 150 + 120 = 610, ஒன்றுக்கு 9 வீதம் ஏறக்குறைய 5,500
பிஸ்கட் (காலை, 340 பேர்): 1,700
சுண்டல் (மாலை, 270 பேர்): 2,700
டம்ளர், பாய்லர் வாடகை: 1,800
கழுவ ஆள்: 1,600
தண்ணீர் கேன்: 1,600

மொத்தம் 50,550. டோக்கன் 50 ரூபாயை எதிலும் சேர்க்கவில்லை.

#15 · பந்திக்கணக்கு

மெஸ் ஆட்கள் பேட்டாவை விட்டுவிட்டீர்கள். ஆறு பேர், 300 வீதம், இரண்டு நாள், 3,600. ஆக 54,150. வெளியூர்க்காரர் டிபன் டோக்கனும் காணோம், அதற்கு ஒரு 2,000. இன்னும் 5,000 ரொக்கமாகச் சாப்பாட்டுப் பொறுப்பாளர் கையில் இருக்கட்டும். பால் திரிந்தால், கேஸ் தீர்ந்தால் பொருளாளரைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. 61,000-க்கு அருகே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பரிமாறுவதில் ஒன்று. பஃபே வரிசையில் சாதமும் சாம்பாரும் முதலில், பொரியலும் பழமும் கடைசியில். பொரியல் கரண்டி மட்டும் தன்னார்வலர் கையில் இருக்கட்டும், மற்றதை அவரவர் எடுக்கட்டும். “எவ்வளவு வேண்டுமானாலும் மறுபடி வாருங்கள்” என்று வாயால் சொல்லிக்கொண்டே முதல் கரண்டியைச் சின்னதாக வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் எடுக்கும் மேசை ஒன்றில் நிமிடத்துக்கு எட்டு முதல் பத்துப் பேர் போவார்கள். 190 பேருக்கு ஒரு மேசை என்றால் கடைசி ஆள் 20 நிமிடம் நிற்பார். இரண்டு மேசை போடுங்கள்.

#16 · டிகாஷன்_அக்கா

மெஸ் என்பதால் மீதி பிரச்சினை உங்களுக்கு இல்லை. வெளிச்சமையல் வைப்பவர்கள் படிப்பார்கள் என்று எழுதுகிறேன். மீந்த உணவைக் கொடுப்பதென்றால் மூன்று மணிக்கு யாரைக் கூப்பிடலாம் என்று அப்போது தேடாதீர்கள். கோவையில் 2014-இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் மாதிரி அமைப்புகள் இருக்கின்றன. உங்கள் ஊரில் யார் எடுப்பார்கள், குறைந்தது எத்தனை பேர் உணவு இருந்தால் வருவார்கள் என்று முதல் வாரமே கேட்டு வையுங்கள். கொடுக்கத் தக்கது கரண்டி படாத பாத்திரம் மட்டும். பஃபே மேசையில் இருந்தது கூடாது. அதுவரை 60 டிகிரிக்கு மேல் சூட்டில் மூடியிருக்க வேண்டும். தயிர் சாதத்தைக் கொடுக்கவே வேண்டாம்.

#17 · பைதான்_பையன்

பதிவுப் படிவத்துல ‘ஞாயிறு மதியம் இருப்பீர்களா’னு தனியா ஒரு கேள்வி வேணுமா? இல்ல ரெண்டு நாளுக்கும் சேர்த்து ஒரே கேள்வி போதுமா?

#18 · பந்திக்கணக்கு

தனித்தனியாக, நாலு கேள்வி: சனி மதியம், ஞாயிறு மதியம், பால் சேர்ப்பீர்களா, வெங்காயம் பூண்டு சேர்ப்பீர்களா. ‘உணவு விருப்பம்’ என்று வெற்றுக் கட்டம் வைத்தால் ஆளுக்கொரு கட்டுரை எழுதுவார்கள், எண்ண முடியாது. ஞாயிறு பதிலைச் சனி மாலை டீ வரிசையில் இன்னொரு தடவை கை தூக்கச் சொல்லிச் சரிபாருங்கள். அந்த எண்ணை ராத்திரி எட்டு மணிக்கு முன் மெஸ்ஸுக்குச் சொல்லிவிட்டு, கடலையை அதில் நாலில் மூன்று பங்குக்கு ஊறப் போடுங்கள்.